நானும் ‘ஆம்’ என்றேன்

எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அந்தப் பெண்மணிக்குத் தமிழில் எழுத வராது. வாசிக்க வரும், மெதுவாக. பேச்சு சரளமாகவே வரும், பாதிக்குப் பாதி ஆங்கிலத்தோடு. ஆனால் தமிழில் ஒரு சொல்லை மட்டும் எவ்வளவு பெரிய பத்திக்குள் ஒளிந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். ‘பட்டது’ என்ற சொல்.

நான் மொழிபெயர்ப்பாளன். நிறுவனங்களின் அறிக்கைகளைத் தமிழாக்குவது என் பிழைப்பு. மாலை நேரங்களில் அவருடைய அலுவலகத்தில் தொண்டூழியம் செய்துவந்தேன். குடியிருப்பாளர்களுக்கு அனுப்பும் செய்திமடலின் தமிழ்ப் பக்கம் என் பொறுப்பு. முதன்முதலாக நான் எழுதிக் கொடுத்த பக்கத்தை, பள்ளிப் பிள்ளை மாதிரி விரலால் சொற்களைத் தொட்டுத் தொட்டுப் படித்தார். ‘பராமரிப்புக் கட்டணம் உயர்த்தப்பட்டது’ என்ற இடத்தில் விரல் நின்றது.

“அண்ணா, இந்தப் ‘பட்டது’ எதுக்கு?”

“அது செயப்பாட்டு வினை மேடம். பேப்பர்ல எல்லாம் இப்படித்தான் எழுதுவாங்க.”

“யாரு உயர்த்தினா?”

“நகர மன்றம்.”

“நகர மன்றத்துக்கு யாரு தலைவர்?”

“நீங்கதான்.”

“அப்போ ‘நான் உயர்த்தினேன்’னு எழுதுங்க. ஏன் உயர்த்தினேன்னு கீழ ரெண்டு வரி போடுங்க. திட்டறவங்க யாரைத் திட்டணும்னு தெரிஞ்சு திட்டட்டும் லா.”

எனக்குச் சற்றுக் கோபம்தான். இருபது ஆண்டுத் தொழில் அனுபவத்தை ஒரு விரல் வந்து தட்டிவிட்டது போலிருந்தது. ஆனாலும் அவர் சொன்னபடியே எழுதினேன். செய்திமடல் வெளியான வாரம் அலுவலகத் தொலைபேசி ஓயாமல் அடித்தது. அவரே எடுத்து, அவரே பேசினார். “ஆமாம் அங்கிள், நான்தான்” என்று அவர் சொல்வது அடுத்த அறைவரை கேட்டது. திட்டுவதற்குத் தயாராக வந்தவர்கள் அந்த ‘நான்தான்’ காதில் விழுந்ததும் ஒரு கணம் தடுமாறிப்போவார்கள். அடுத்து என்ன சொல்வது என்று அவர்கள் தேடுகிற நேரத்தில் இவர் காரணத்தைச் சொல்லி முடித்துவிடுவார். சிலர் ஏற்றுக்கொண்டார்கள். பலர் ஏற்கவில்லை. இரண்டும் அவருக்கு ஒன்றுதான் என்பது போலத் தொலைபேசியை வைப்பார்.

குள்ளமான உருவம். சேலை கட்டினாலும் காலில் ஓட்டக் காலணிதான். சர்க்கரை இல்லாத தேநீரை ஆறவைத்துக் குடிப்பார். கோப்பிக் கடைக்காரர்களுக்கு அது தெரியும்; ‘தே ஓ கொசோங்’ என்று அவர் கேட்பதற்கு முன்பே ஊற்றி மேசையில் வைத்துவிடுவார்கள். சிரித்தால் கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். எந்தக் கட்சி என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் இதோடு படிப்பதை நிறுத்திவிடுவீர்கள். மீதிப் பாதி நான் சொல்ல வருவதற்கு முன்பே கைதட்டிவிடுவீர்கள்.

பழியை மட்டும்தான் தன் பெயரில் எழுதிக்கொள்வார் என்றில்லை. தன்னுடையதல்லாத பெருமை வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேக்காச் சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவரை எங்கள் பகுதிப் பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டார். ஓடி வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“எங்க புளோக்லேர்ந்து பஸ் ஸ்டாப்வரைக்கும் கூரை போட்டுக் குடுத்தீங்களே மேடம், மழையில நனையாமப் போறேன். நீங்க நல்லா இருக்கணும்.”

“அது நான் இல்ல அங்கிள். எனக்கு முன்னாடி எம்.பி.யா இருந்தவரு போட்டது. திறப்பு விழாவுக்கு நான் வந்தேன், அவ்வளவுதான்.”

பெரியவரின் முகம் வாடிவிட்டது. முன்னாள் உறுப்பினர் மாற்றுக் கட்சிக்காரர். பெரியவருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. “இல்ல மேடம், நீங்கதான்” என்று அடித்துச் சொல்லிப் பார்த்தார். “இல்ல அங்கிள், அவருதான்” என்று இவரும் விடவில்லை. முருங்கைக்காய்க்காரர் எடைபோடுவதை மறந்து இருவரையும் வேடிக்கை பார்த்தார். கடைசியில் பெரியவர் கைகளை விட்டுவிட்டு, கொடுத்த வாழ்த்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டவர் மாதிரி நடந்து போனார்.

இதை என் மனைவியிடம் சொன்னபோது, “வீட்லயும் இப்படித்தானா? அவங்க வீட்டுக்காரர் பாவம்” என்றாள்.

நாடாளுமன்றத்தில் வாக்களிப்பு எப்படி நடக்கிறது என்பதை அவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். ஒரு தேநீர்ச் சந்திப்பில், எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே நின்றபடி சொன்னார். மசோதாவின் மீது விவாதம் முடிந்ததும் மன்ற நாயகர், அதாவது சபாநாயகர், கேட்பார்: ஆதரிப்பவர்கள் ‘ஆம்’ என்று சொல்லுங்கள், எதிர்ப்பவர்கள் ‘இல்லை’ என்று சொல்லுங்கள். எல்லாரும் ஒன்றாகக் குரல் கொடுப்பார்கள். எது ஓங்கிக் கேட்கிறதோ அது வென்றதாக அவர் அறிவிப்பார். யாராவது கேட்டு வாங்கினால் ஒழிய, யார் எப்படிச் சொன்னார் என்று பெயர்வாரியாகப் பதிவு கிடையாது.

“அப்போ கூட்டத்தோட கூட்டமா வாயை மட்டும் அசைச்சிட்டு வந்துடலாம்” என்றார் ஒரு டாக்சி ஓட்டுநர். எல்லாரும் சிரித்தார்கள்.

“வரலாம்” என்றார் இவர், தானும் சிரித்துக்கொண்டே. “அதனாலதான் நான் என்ன சொன்னேன்னு நானே வந்து சொல்றேன்.”

“கட்சி சொன்னபடிதானே சொல்லப்போறீங்க? அதுல உங்களுது என்ன இருக்கு?”

“கட்சி சொல்லும். வாய் என்னோடது. அந்தக் கட்சியில இருக்கறதுன்னு முடிவு பண்ணதும் நான்தான். அதுக்கும் சேர்த்து என்னைக் கேளுங்க.”

அதன்படியே, ஒவ்வோர் அமர்வு முடிந்ததும் எங்கள் செய்திமடலில் சின்னதாக ஒரு பகுதி வரும். என்ன மசோதா, நான் என்ன சொன்னேன், ஏன். அவ்வளவுதான். பெரும்பாலும் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொள்ள வைத்தது வீட்டுச் சமையல் மசோதா.

எங்கள் புளோக்கில், என் வீட்டுக்கு இரண்டு மாடி கீழே, மேரி அக்கா இருந்தார். இன்றும் இருக்கிறார். ஆப்பமும் இடியாப்பமும் மீன் குழம்பும் வீட்டிலேயே சமைத்து, கேட்டவர்களுக்கு விற்பார். அவருடைய மிளகாய்ச் சம்பாலுக்காகச் சீனக் குடும்பங்கள் பக்கத்துப் பேட்டையிலிருந்து வரும். கணவருக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்தில் பாதி நாள் சிகிச்சை நிலையத்தில் கழியும். அவரைக் கூட்டிப் போய்க் கூட்டி வரவேண்டியிருந்ததால் வெளிவேலைக்குப் போக அக்காவுக்கு வழியில்லை. அந்தச் சின்ன அடுப்படிதான் அவருக்கு அலுவலகம்.

வீட்டில் சமைத்து விற்பவர்கள் எல்லாரும் இனி உரிமம் பெறவேண்டும் என்றது மசோதா. அதில் ஒரு பிரிவு, சமையலறை கதவு போட்டுத் தனியாகப் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும், கழுவுவதற்கு இரண்டு தொட்டிகள் வேண்டும் என்று சொன்னது. மேரி அக்காவின் வீடு சின்னது. கூடத்தின் ஒரு மூலைதான் சமையலறை. கதவு வைக்க அங்கே சுவரே இல்லை.

நான் சொல்லித்தான் மேடம் அக்காவின் வீட்டுக்கு வந்தார். ஒரு காலைப்பொழுது முழுவதும் அந்த மூலையில் நின்று பார்த்தார். எதை எங்கே கழுவுகிறார், மீனை எங்கே வைக்கிறார், துணியை எப்போது மாற்றுகிறார் என்று துருவித் துருவிக் கேட்டார். ஆப்பம் சாப்பிட்டார். அக்காவின் கணவரோடு காற்பந்து பேசினார். பிறகு நாடாளுமன்றத்தில் எழுந்து, ‘என் தொகுதியில் ஓர் அடுப்படி இருக்கிறது’ என்று ஆரம்பித்து, அந்தப் பிரிவு சின்ன வீட்டுக்காரர்களை மட்டும் தண்டிக்கும் என்று அக்கக்காகப் பிரித்துக் காட்டினார். அமைச்சர் பதில் சொன்னார், பிரிவை மாற்றவில்லை. வாக்களிப்பு வந்தது. ‘ஆம்’ என்றவர்களில் இவரும் ஒருவர்.

மறுநாள் முற்பகல் அலுவலகம் ஒரே கொண்டாட்டமாக இருந்தது. அலுவலகத்தின் சமூக ஊடகங்களைக் கவனித்துவந்த பிரவின், அவருடைய பேச்சை வெட்டி ஒரு காணொளி செய்து போட்டிருந்தான். ‘உங்கள் அடுப்படிக்காக ஒரு குரல்’ என்று தலைப்பு. கைப்பேசிக்குக் கைப்பேசி அது பறந்துகொண்டிருந்தது. மேரி அக்கா எனக்கே மூன்று முறை அனுப்பிவிட்டார். கீழே பூக்களும் கைகூப்புகளும்.

மேடம் வந்தார். நின்றபடியே காணொளியை முழுவதும் பார்த்தார்.

“நல்லா இருக்கு பிரவின். முடிவு எங்க?”

“இதான் மேடம் முடிவு. நீங்க உட்காரறதோட கட் பண்ணிட்டேன். அதுதான் ஸ்ட்ராங்.”

“அதுக்கப்புறம் ஓட்டு நடந்துச்சே. நான் ‘ஆம்’னு சொன்னேனே.”

பிரவின் என்னைப் பார்த்தான். நான் கோப்பைப் பார்த்தேன்.

“மேடம், அது வாய்ஸ் ஓட்டு. யாரு என்ன சொன்னான்னு யாருக்கும் தெரியாது. நாமளா எதுக்குப் போய்ச் சொல்லணும்? பொய் எதுவும் இதுல இல்லையே.”

“பொய் இல்ல. பாதி.” கைப்பேசியை அவனிடம் திருப்பிக் கொடுத்தார். “இதைப் பாக்கறவங்க நான் எதிர்த்து ஓட்டுப் போட்டேன்னு நினைச்சிட்டு இருக்காங்க. எடுத்துடு. மதியம் புதுசு ஒண்ணு ரெக்கார்ட் பண்ணலாம்.”

“மேடம், இவ்வளவு பேர் ஷேர் பண்ணிட்டாங்க. இப்போ எடுத்தா நம்மைக் கிழிச்சிடுவாங்க.”

“கிழிக்கட்டும் லா. அதுக்கு முன்னாடி ஒருத்தங்க வீட்டுக்குப் போகணும். அண்ணா, வர்றீங்களா?”

மேரி அக்கா கதவைத் திறந்தபோது முகமெல்லாம் மலர்ந்திருந்தது. மாவுக் கையோடு மேடத்தின் தோளைத் தொடப் போய், சேலையில் படுமே என்று கையை இழுத்துக்கொண்டார். “உள்ள வாங்க மேடம், என்னா பேச்சு! எங்க வீட்டுக்காரர் அழுதுட்டாரு.”

“அக்கா, நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் கூப்பிடுங்க.” மேடம் வாசலிலேயே நின்றார். “சட்டம் பாஸ் ஆயிடுச்சு. அந்தப் பிரிவு அப்படியே இருக்கு. கடைசியில ஓட்டு எடுத்தப்போ நானும் ‘ஆம்’னுதான் சொன்னேன்.”

அக்காவுக்குப் புரியவில்லை. “ஆம்னா? அவங்க பக்கமா?”

“சட்டத்துக்கு ஆதரவா.”

“அப்போ அவ்வளவு நேரம் பேசினது?”

“அதுவும் நிஜம்தான். அந்தப் பிரிவு தப்புன்னு இப்பவும் சொல்றேன். ஆனா சட்டமே வேணாம்னு என்னால சொல்ல முடியல. போன வருஷம் வீட்டுச் சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டு ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில கிடந்துச்சு. நம்ம தொகுதிப் பிள்ளைதான். போய்ப் பார்த்தேன். வித்தது யாருன்னுகூட அவங்க அம்மாவால கண்டுபிடிக்க முடியல. பிரிவைத் தனியா, சட்டத்தைத் தனியா ஓட்டுக்கு விடல. மொத்தமா ஒரு தடவைதான் கேட்டாங்க. நான் ஆம்னேன்.”

உள்ளே எண்ணெய் காய்ந்து புகையத் தொடங்கியது. அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“என் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு யாருக்காச்சும் வயிறு வலிச்சிருக்கா?”

“இல்லக்கா.”

“அப்புறம் எதுக்கு என் அடுப்படியில வந்து நின்னீங்க?”

மேடம் என்னென்னவோ சொல்லியிருக்கலாம். கட்சிக் கட்டுப்பாடு என்று சொல்லியிருக்கலாம். தன் ஒரு குரலால் எதுவும் மாறியிருக்காது என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. “உங்க கோபம் நியாயம்தான்” என்று மட்டும் சொன்னார். அக்கா இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார். சத்தத்தில் எதிர்வீட்டுப் பூனை மாடிப்படிக்கு ஓடியது.

மின்தூக்கியில் இறங்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் எப்போதும் போலவே இருந்தது. “பிரவினுக்குப் போன் பண்ணுங்க அண்ணா. கீழ் டெக்லயே ரெக்கார்ட் பண்ணிடலாம். வெளிச்சம் நல்லா இருக்கு.”

புதிய காணொளி ஒரு நிமிடம்கூட இல்லை. பிள்ளைகள் சைக்கிள் விட்டுக்கொண்டிருக்கும் கீழ்த்தளத்தில் நின்று, இன்ன பிரிவை எதிர்த்துப் பேசினேன், இன்ன காரணத்தால் சட்டத்துக்கு ஆம் என்றேன், அந்தப் பிரிவை மாற்றச் சொல்லித் தொடர்ந்து கேட்பேன் என்று சொன்னார். பிரவின் பயந்தது நடந்தது. பூ அனுப்பிய அதே ஆட்கள் கல்லெறிந்தார்கள். இரட்டை நாக்கு என்றார்கள், நாடகம் என்றார்கள். அவர் கட்சிக்காரர்களுக்கோ வேறு எரிச்சல்: ஏன் தேவையில்லாமல் எல்லார் வாக்கையும் பற்றி மக்களைக் கேட்கத் தூண்டுகிறாய் என்று.

அடுத்த குடியிருப்பாளர் கூட்டத்துக்கு மேரி அக்கா வந்திருந்தார். சமூக மன்ற அரங்கம் நிறைந்திருந்தது. ஒலிவாங்கி தன் பக்கம் வந்ததும் எழுந்து நின்றார். “நான்தான் அந்த அடுப்படிக்காரி” என்றார். “எனக்கு வேற எதுவும் கேக்க வேணாம். மறுபடியும் அதே ஓட்டு வந்தா என்ன சொல்லுவீங்க?”

மேடை விளக்கில் மேடத்தின் நெற்றி வியர்த்திருந்தது. “இதே மாதிரி, ரெண்டையும் சேர்த்து வந்தா, மறுபடியும் ஆம்னுதான் சொல்லுவேன்க்கா.”

அக்கா உட்கார்ந்தார். யாரும் கைதட்டவில்லை.

சொன்னபடியே அவர் விடவில்லை. அமர்வுக்கு அமர்வு அந்தப் பிரிவைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். சின்ன வீட்டு அடுப்படிகளுக்குப் பொருந்துகிற வேறு வழிகளை எழுதிக் கொடுத்தார். பிரிவு ஒருநாள் மாறவும் செய்தது. இன்று மேரி அக்காவின் வீட்டு வாசலில் உரிமம் ஒட்டியிருக்கிறது; சம்பால் விற்பனை முன்னைவிடச் சுறுசுறுப்பு. ஆனால் பிரிவு மாறியபோது இவர் நாடாளுமன்றத்தில் இல்லை. செய்தி வந்த அன்று தொலைபேசியில் அழைத்து வாழ்த்தினேன்.

“எனக்கு எதுக்கு வாழ்த்து? அந்த ஓட்டு நடந்தப்போ நான் உள்ளயே இல்லையே. போட்டவங்களுக்குச் சொல்லுங்க” என்றார். பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. பாசிர் ரிஸ்ஸில் தங்கை வீட்டில் இருப்பதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இடையில் நடந்த தேர்தலில் அவர் தோற்றுப்போயிருந்தார். எங்களுடையது ஒரே உறுப்பினருக்கான தனித்தொகுதி, வித்தியாசம் சொற்பம். அதற்குக் காரணம் அந்த மசோதாதான் என்றார்கள் சிலர். காற்று அப்படி அடித்தது என்றார்கள் சிலர். எனக்குத் தெரியாது. அவரும் அதைத் தோண்டிக்கொண்டிருக்கவில்லை. முடிவு வந்த வார இறுதியில் ஓட்டக் காலணியை மாட்டிக்கொண்டு நன்றி சொல்லக் கிளம்பிவிட்டார். லாரியில் நின்று கையசைத்துப் போகலாம் என்று சொன்னார்கள். வேண்டாமென்று படியேறினார்.

எங்கள் புளோக்குக்கு வந்தபோது பிற்பகல். நானும் கூடப் போனேன். கதவு திறந்தவர்கள் எல்லாருமே வருத்தப்பட்டார்கள். ஒரு மலாய்த் தம்பதி இருவரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் உங்களுக்குத்தான் போட்டோம் என்றார்கள். ஒரு சீன மூதாட்டி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். “என் ஓட்டு உங்களுக்குத்தான் மேடம், எப்படித் தோத்தீங்கன்னே தெரியல” என்றார் டாக்சி ஓட்டுநர். மாடிக்கு மாடி இதுவே நடந்தது.

மேரி அக்கா வீட்டுக்கு முன்னால் நான் கொஞ்சம் பின்தங்கினேன். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டதில்லை. உள்ளிருந்து மீன் பொரிக்கும் வாசனை வந்தது. அக்கா பார்த்தார். அடுப்பை அணைத்தார். வந்து இரும்புக் கதவை முழுவதுமாகத் திறந்தார்.

“மேடம், நான் உங்களுக்குப் போடல.”

அக்கா கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“ஓட்டு ரகசியம். சொல்லணும்னு இல்ல” என்றார் அக்கா. “ஆனா அன்னைக்கு நீங்க இதே இடத்துல நின்னு சொல்லிட்டுப் போனீங்க. மனசு ஆறல, அதனால போடல. உங்ககிட்ட வேற மாதிரி சொல்லவும் எனக்கு வாய் வரல.”

மேடம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வலித்தது என்று தெரிந்தது. பிறகு அந்தச் சிரிப்பு கிளம்பியது. புளோக்கே திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அக்கா, கீழேர்ந்து இதுவரைக்கும் கதவு தொறந்த அத்தனை பேரும் எனக்குத்தான் போட்டேன்னு சொல்லிட்டாங்க. அப்படின்னா நான் எப்படித் தோத்தேன்னு யோசிச்சிட்டே மாடி ஏறி வர்றேன். இப்பத்தான் ஒரு ஓட்டு கணக்குல வந்திருக்கு.”

அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“தேங்க்ஸ்க்கா” என்றார் மேடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. நாலெட்டு நடந்து அடுத்த வீட்டு மணியை அழுத்தினார். பனியன் போட்ட ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார்.

“அடடா, வாங்கம்மா வாங்க. நாங்க குடும்பத்தோட உங்களுக்குத்தாம்மா போட்டோம்.”

பின்னால் மேரி அக்கா கதவைப் பிடித்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.